தோல் குறையோடு பிறந்த குழந்தையின் புண்ணைப் பராமரிக்கும் முறை: புதிய தாய்மாருக்கும் புதிய செவிலியருக்கும்

கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு என்பதால், பிறந்த குழந்தையை வீட்டில் முதலில் குளிப்பாட்டுவது பெரும்பாலும் அம்மிச்சியின், அதாவது தாயைப் பெற்ற பாட்டியின், கைகள்தான். கால்களை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலின்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்து உருவிவிட்டு, சாம்பிராணிப் புகை காட்டித் தூளியில் போடும் வரை அந்தக் கைகளில் இருக்கும் பக்குவம் நாம் எல்லோரும் அறிந்தது. ஆனால் சில குழந்தைகளுக்கு அந்த உருவுதலே தோலை உரித்துவிடும். அப்படிப்பட்ட குழந்தையைப் பெற்றெடுத்த தாய்க்கும், அக்குழந்தையை முதன்முதலாகக் கையில் ஏந்தப்போகும் புதிய செவிலியருக்கும் இதை எழுதுகிறேன். ஈரோடு, கோவை வட்டாரங்களில் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றிய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. புண்ணில் எதைத் தடவுகிறோம் என்பதைவிட, அதன்மேல் எதுவும் ஒட்டாமலும் உரசாமலும் பார்த்துக்கொள்வதே அந்தப் புண்ணை ஆற்றுகிறது.

எந்தக் குறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பிறவியிலேயே வரும் தோல் குறைகளில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, மருத்துவர்கள் சுருக்கமாக ஈ.பி. என்று சொல்லும் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. மேல்தோலையும் அதன் அடியில் உள்ள தோலையும் பிணைத்து வைத்திருக்கும் புரதங்களில் ஏதேனும் ஒன்று பழுதாக இருப்பதால், சாதாரண உரசலுக்கே இந்தக் குழந்தைகளுக்கு நீர்க்கொப்புளம் எழும், தோல் வழன்று வந்துவிடும். பழுதானது கெரட்டினா, லாமினினா, ஏழாம் வகைக் கொலாஜனா என்பதைப் பொறுத்து நோயின் வகையும் கடுமையும் மாறும். பிறந்த வாரத்தில் கொப்புளங்களை எண்ணிப் பார்த்து இன்ன வகை என்று சொல்லிவிட முடியாது. தோலில் சிறு துண்டெடுத்துச் செய்யும் சோதனையும் மரபணுச் சோதனையுமே அதைச் சொல்லும். ஆகையால் முதல் நாளே யாரேனும் நம்பிக்கையூட்டினாலும் பயமுறுத்தினாலும், சோதனை முடிவு வரும் வரை இரண்டையும் ஏற்க வேண்டாம்.

மற்றொன்று, உடலின் ஓரிடத்தில் தோலே உருவாகாமல் பிறப்பது. அப்ளேசியா கியூட்டிஸ் என்று இதற்குப் பெயர். பெரும்பாலும் உச்சந்தலையில், காசு அளவில், சிவந்த ஈரப்புண்ணாகவோ மெல்லிய சவ்வு மூடியதாகவோ இருக்கும். பிரசவத்தில் ஆயுதம் பட்ட காயம் என்று பலர் தவறாக நினைத்துக்கொள்வார்கள். சில குழந்தைகளுக்குக் காலில் தோலில்லாத பகுதியும் உடலில் கொப்புளமும் சேர்ந்தே இருப்பதுண்டு.

இவை ஒட்டிப் பரவும் நோய்கள் அல்ல. கிரகணத்தில் தாய் வெளியே வந்ததாலோ, கண்ணேறு பட்டதாலோ இவை வருவதில்லை. ஆனால் பச்சிளங்குழந்தையின் உடலில் எழும் எல்லாக் கொப்புளமும் ஈ.பி. ஆகிவிடாது என்பதும் முக்கியம். கிருமித்தொற்றாலும் கொப்புளம் வரும், அதற்கு உடனே மருந்து வேண்டும். எனவே கொப்புளத்தைக் கண்டால் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

பிறந்த முதல் மணி நேரத்தில்

புதிய செவிலியர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தோல் வழன்ற குழந்தை என்று தெரிந்த உடனே தொப்புளில் போட்ட பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்துவிட்டு நூலால் கட்டுங்கள், ஏனெனில் அந்தக் கிளிப் வயிற்றில் உரசி அங்கே ஒரு புண்ணை உண்டாக்கும். அடையாளப் பட்டையைக் கையிலோ காலிலோ மாட்டாமல் துணியில் கட்டுங்கள். குறைமாதக் குழந்தை என்பது போன்ற வேறு காரணம் இல்லாவிட்டால் இன்குபேட்டரில் வைக்க வேண்டியதில்லை, அதன் வெப்பமும் ஈரமும் கொப்புளத்தைக் கூட்டும். பிறந்த அன்று குளிப்பாட்டுவதும் வேண்டாம். வாயை உறிஞ்சி எடுக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் மிருதுவான குழாயால், குறைந்த அழுத்தத்தில், ஒரே முறையில் முடித்துவிடுங்கள். ரத்தம் எடுத்த இடத்தைப் பஞ்சால் தேய்க்காமல் நேராக அழுத்தி நிறுத்துங்கள். ரத்த அழுத்தப் பட்டைக்கு அடியில் மிருதுவான பட்டியைச் சுற்றிய பிறகே பட்டையைக் கட்ட வேண்டும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில் ஒரு குழந்தைக்கு நரம்பூசி போட்டு, வழக்கம்போல் பிளாஸ்டர் ஒட்டிக் கட்டிவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஊசியைக் கழற்றும்போது பிளாஸ்டரின் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகத்தான் உரித்தேன். ஆனாலும் புறங்கைத் தோல் முழுவதும், ஈரத்தாளைப் போல், பிளாஸ்டரோடு சேர்ந்து வந்துவிட்டது. குழந்தை முதலில் அழவில்லை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிறகுதான் வீறிட்டது. அந்தத் தவறை வேறு எவரும் செய்யக் கூடாது. இத்தகைய குழந்தையின் உடலில் சாதாரண பிளாஸ்டர் எந்தக் காரணத்திற்காகவும் படக் கூடாது. நரம்பூசியைச் சிலிக்கோன் டேப்பாலோ சுற்றுப்பட்டியாலோ நிலைநிறுத்துங்கள். ஏற்கெனவே யாராவது பிளாஸ்டர் ஒட்டியிருந்தால் அதை உரிக்க முயலாதீர்கள். வெள்ளை மென் பாரஃபினும் திரவப் பாரஃபினும் சரிபாதி கலந்த களிம்பை அதன்மேலும் ஓரங்களிலும் தாராளமாகப் பூசி, அது ஊறித் தானே வழுக்கி வரும் வரை காத்திருங்கள். அதற்கு அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

தூக்கும் முறை

அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது நம் அனைவருக்கும் பழகிய முறை. இந்தக் குழந்தைகளுக்கு அது ஆகாது. குழந்தையை மெல்ல ஒருபக்கம் சாய்த்து, ஒரு கையைக் கழுத்துக்கும் தலைக்கும் அடியிலும் மறு கையைப் பிட்டத்திற்கு அடியிலும் கொடுத்து, குழந்தையை உங்கள் கைகளின்மேல் திரும்பவும் மல்லாத்தி, அப்படியே ஏந்த வேண்டும். கை தோலின்மேல் நகரவே கூடாது. வைத்த இடத்தில் வைத்தபடியே தாங்க வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் தோல், இழுப்பையும் உரசலையும் தாங்காது. முதல் சில வாரங்கள் மெல்லிய பஞ்சு மெத்தை ஒன்றின்மேல் குழந்தையைக் கிடத்தி, மெத்தையோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்து வாங்குவது எல்லோருக்கும் எளிது. பார்க்க வரும் உறவினர்கள் ஆசையாகக் கைநீட்டும்போதும் மெத்தையோடுதான் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சேலைத் தூளியில் குழந்தையின் உடல் குறுகி, ஆட ஆடத் துணியில் உரசுவதால், தூளியை மருத்துவர் சம்மதிக்கும் வரை தள்ளிவையுங்கள். அரைஞாண் கயிறு, வசம்பு வளையல், கருகமணி, தண்டை ஆகியவற்றையும் இப்போது கட்ட வேண்டாம். கயிறு கட்டியே ஆக வேண்டும் என்று பெரியவர்கள் வருந்தினால், அதைத் தொட்டிலின் கம்பியில் கட்டச் சொல்லுங்கள். நான் பார்த்த குடும்பங்களில் அதை மறுத்த ஆத்தாவும் இல்லை, அம்மிச்சியும் இல்லை.

கொப்புளத்தை வடிக்கும் முறை

கொப்புளத்தைத் தொடவே கூடாது என்பதுதான் பொதுவான நம்பிக்கை. ஈ.பி. குழந்தையின் கொப்புளம் அப்படியல்ல. வடிக்காமல் விட்டால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தம் பக்கத்துத் தோலையும் பிரித்துக்கொண்டே போகும். காலையில் மொச்சைக்கொட்டை அளவில் இருந்தது மாலைக்குள் உள்ளங்கை அகலம் ஆகிவிடும். ஆகவே அன்றாடம் உடலை ஒருமுறை பார்த்து, புதிய கொப்புளங்களை வடித்துவிட வேண்டும். முதலில் மருத்துவமனையில் செவிலியர் செய்வதை அருகில் இருந்து பாருங்கள், அதன்பிறகு அவர்கள் முன்னிலையில் நீங்களே செய்து பழகுங்கள்.

சோப்பிட்டுக் கைகழுவிய பிறகு, உறை பிரிக்காத புதிய ஊசி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொப்புளத்தின் உச்சியில் குத்தாமல், குழந்தை படுத்திருக்கும் நிலையில் அதன் மிகத் தாழ்ந்த விளிம்பு எதுவோ அங்கே, ஊசியைத் தோலுக்கு இணையாகக் கிடைமட்டமாகப் பிடித்து, ஒரு பக்கம் நுழைத்து மறு பக்கம் வெளியே எடுங்கள். ஒரே துளையாக இருந்தால் அடைந்துகொண்டு மீண்டும் நீர் கோக்கும். இரண்டு துளைகள் இருந்தால் வடிந்துகொண்டே இருக்கும். பிறகு சுத்தமான காஸ் துணியைக் கொப்புளத்தின்மேல் வைத்து மெல்ல அழுத்தி நீரை ஒற்றியெடுங்கள். மேலே உள்ள தோலைக் கத்தரித்தோ உரித்தோ எடுக்கக் கூடாது. அந்தத் தோல்தான் அடியில் உள்ள பச்சைப் புண்ணுக்கு மூடி, அதைவிடச் சிறந்த கட்டு கடையில் கிடைக்காது. பயன்படுத்திய ஊசியை மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து வைத்து மருத்துவமனையில் ஒப்படையுங்கள்.

கட்டு மாற்றும் முறை

தேவைப்படும் பொருட்கள் அதிகம் இல்லை. புண்ணின்மேல் நேராகப் படும் ஒட்டாத வலை, அதற்கு மேல் நீரை உறிஞ்சும் மிருதுவான பஞ்சுத்தகடு, அதைப் பிடித்து நிறுத்தச் சுற்றுப்பட்டி அல்லது குழாய்த் துணி, கழுவச் சலைன் என்னும் மருத்துவ உப்புநீர், உரசலைக் குறைக்க வெள்ளை வேசலின் ஆகியவை போதும். ஒட்டாத வலைகளில் சிலிக்கோன் பூசியதே மேல். விலை கூடுதல் என்றாலும் ஒருமுறை வைத்தால் புண் சுத்தமாக இருக்கும் பட்சத்தில் சில நாட்கள் விட்டுவைக்கலாம். பாரஃபின் காஸ் விலை குறைவு, ஆனால் நம் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அடிக்கடி மாற்ற வேண்டும், அதன்மேல் வேசலினும் தாராளமாகப் பூச வேண்டும். மருந்துக்கடையில் பாரஃபின் காஸ் கேட்டால் ஆன்டிபயாடிக் கலந்த காஸைக் கொடுத்துவிடுவதுண்டு. உறையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கட்டுப் பிரிப்பதற்கு முன்பாகவே எல்லாவற்றையும் வெட்டித் தயாராக வைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் பாதி. புண்ணின் அளவை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் உறையின்மேல் பேனாவால் வரைந்து அச்சாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறையும் குழந்தை காத்திருக்க நேராது. ஒருவர் குழந்தையைத் தாங்கவும் ஒருவர் கட்டு மாற்றவும் இருவர் வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம் வழியாகப் புழுதியை அள்ளிக்கொண்டு வரும்போது சன்னலையும் சாத்திவிடுங்கள். வலிமருந்து மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் அரை மணி நேரம் முன்னதாகவே, அவர் சொன்ன அளவில் கொடுங்கள். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே கட்டு மாற்ற முடிந்தால் அதுவும் வலியைத் தணிக்கும்.

முழு உடலையும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள். ஒரு காலைப் பிரித்து, கழுவி, கட்டி முடித்த பிறகே அடுத்த காலைத் தொடுங்கள். இரண்டு கால்களும் திறந்திருந்தால் குழந்தை உதைக்கும்போது ஒன்றோடொன்று உரசி நம் கண்ணெதிரே புதுப் புண் உண்டாகும், உடல் சூடும் இறங்கிவிடும். பழைய கட்டு ஒட்டியிருந்தால் உடல் சூட்டிற்கு வெதுவெதுப்பாக்கிய சலைனால் நனைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மீண்டும் நனைத்து எடுங்கள். புண்ணைப் பஞ்சால் துடைக்காமல் சலைனை ஊற்றிக் கழுவி, சுற்றியுள்ள ஈரத்தைக் காஸால் ஒற்றியெடுங்கள். அதன்மேல் ஒட்டாத வலையைப் புண்ணைவிடச் சற்றே பெரியதாக வைத்து, பஞ்சுத்தகட்டை வைத்து, இறுக்காமல் சுற்றுங்கள். பட்டியின் முனையைத் தோலில் ஒட்டாமல் பட்டியின்மேலேயே ஒட்டுங்கள். கட்டிய பிறகு விரல் நுனிகள் நீலம் பாய்கின்றனவா, வீங்குகின்றனவா என்று பாருங்கள்.

விரல்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். விரலிடுக்கில் புண் இருக்கும் நிலையில் கையை மொத்தமாகப் பொதிந்து கட்டிவிட்டால், பக்கத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஆறிவிடும். ஒட்டாத வலையை அரைவிரல் அகல நாடாக்களாக வெட்டி, ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒன்றைக் கொடுத்து, விரல்களைத் தனித்தனியே பிரித்துக் கட்டுங்கள். பிறந்த குழந்தையின் சுண்டுவிரல் நம் தீக்குச்சியைவிடச் சற்றே பருமன். இந்த ஒரு கையைக் கட்டவே இருபது நிமிடம் ஆகும், அந்த நேரத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டாம்.

பிறப்பின்போது ஏற்பட்ட புண்கள் ஆறிய பிறகு மருத்துவர் அனுமதித்தால் குளிப்பாட்டலாம். வெறும் தண்ணீர் புண்ணில் எரியும். 10 லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 90 கிராம் உப்பு என்ற அளவில் கரைத்தால் அது சலைனுக்குச் சமமாகி எரியாது. எண்ணெய் தேய்த்து உருவுவதும், கடலைமாவும் துண்டால் அழுந்தத் துவட்டுவதும் கிடையாது.

எவற்றைத் தடவக் கூடாது

ஒருமுறை ஓர் அம்மிச்சி என்னிடம், "ஏனுங்க நர்ஸம்மா, வேப்பெண்ணெயும் மஞ்சளும் வெச்சா ஆறாத புண்ணுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்தது அன்பு, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திறந்த புண் வழியாகத் தடவியதெல்லாம் குழந்தையின் ரத்தத்தில் கலக்கும், அதுவும் பெரியவர்களைவிட விரைவாகக் கலக்கும் என்பதை அவருக்கு விளக்கினேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் சாம்பலும் பவுடரும் மட்டுமல்ல, மருத்துவமனைப் பொருட்களுக்கும் இது பொருந்தும். புண்ணில் கிருமி நீக்கப் போடும் பொவிடோன் அயோடின் குழந்தையின் தைராய்டைப் பாதிக்கும். தீப்புண்ணுக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு, பிறந்து இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு மஞ்சள்காமாலையை ஆபத்தாக்கக்கூடும். ஸ்பிரிட் தோலைக் காயவைத்து எரிக்கும். சேனை வைக்கிறேன் என்று நாக்கில் தேன் தொட்டு வைப்பதும் வேண்டாம், ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் தேன் ஆகாது.

துணியும் பாலும்

இந்தக் குழந்தைகளுக்குத் துணி எடுப்பதற்குத் திருப்பூர் பக்கத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. மெல்லிய வெள்ளைப் பருத்திப் பனியன் துணியைக் குழாயாகவே வாங்கி, துவைத்து வெயிலில் காயவைத்துக்கொண்டால், கட்டின்மேல் மாட்டும் உறையாகவும் சட்டையாகவும் பயன்படும். சாயம் போட்ட துணியும் கழிவுப் பனியன் துண்டுகளும் வேண்டாம். சட்டை முன்பக்கம் திறப்பதாக, நாடா கட்டுவதாக இருக்கட்டும். ஓவர்லாக் தையல் தடித்திருக்கும் என்பதால் தையல் வெளியே தெரியும்படி சட்டையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போடுங்கள், கழுத்துச் சீட்டை வெட்டிவிடுங்கள். டயபர் போட்டால் தொடைப்பக்க எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு, உள்ளே மிருதுவான துணி விரித்துப் போடுங்கள்.

தாய்ப்பால் கொடுக்கலாம். கொடுப்பதற்கு முன் குழந்தையின் உதட்டிலும் கன்னத்திலும் தாயின் மார்புக்காம்பிலும் வேசலின் பூசினால் உரசல் குறையும். வாய்க்குள் புண் இருந்து சப்ப முடியாவிட்டால் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கலாம், ஆனால் அதன் விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்று உங்கள் உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, விளிம்பிலும் வேசலின் பூசிக் கொடுங்கள். புண் ஆறுவதற்கே உடல் சக்தியைச் செலவிடுவதால் இந்தக் குழந்தைகளுக்குப் பால் கூடுதலாகத் தேவைப்படும், எடையை வாரந்தோறும் பார்க்க வேண்டும்.

உச்சந்தலைப் புண்

தோலில்லாத உச்சந்தலைப் புண் சிறியதாக இருந்தால் ஒட்டாத கட்டிலேயே சில வாரங்களில் மூடிக்கொள்ளும், முடி முளைக்காத தழும்பு மட்டும் நிற்கும். பெரியதாக இருந்தால் அடியில் எலும்பும் இல்லாமல் இருக்கலாம், மூளையிலிருந்து ரத்தத்தைக் கொண்டு செல்லும் பெரிய நாளம் அதன் நேர் கீழே ஓடலாம். அந்தப் புண்ணின் பொருக்கு காய்ந்து வெடித்தால் ரத்தம் பீறிடும் ஆபத்து உண்டு. ஆகவே அதை ஒருபோதும் காயவிடாமல் ஈரமான கட்டில் வைத்து, ஸ்கேன் எடுத்து, அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். புண்ணைச் சுற்றிக் கருமையான முடிவளையம் தெரிந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய அறிகுறிகள்

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், உடல் தொட்டால் சில்லென்று இருந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தாலும், புண்ணில் நாற்றமோ சீழோ வந்தாலும், சிவப்பு சுற்றிலும் பரவினாலும், சிறுநீர் குறைந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அழுகை கரகரத்தாலோ மூச்சிழுக்கும்போது ஓசை வந்தாலோ அது தொண்டைக்குள் கொப்புளம் இருப்பதைக் காட்டலாம், அதற்கு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. ஆம்புலன்ஸில் ஏறியதும் தோல் நோயைப் பற்றியும் பிளாஸ்டர் ஒட்டக் கூடாது என்பதையும் முதலில் சொல்லுங்கள். அதை ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் குழந்தையின் பையில் வைத்திருப்பது இன்னும் நல்லது.

அரசு மருத்துவமனைகளில் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்குச் சிகிச்சை இலவசம். பிறவிக் குறைகளைக் கண்டறிந்து தொடர்ந்து கவனிக்க 2013-இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டால் அங்கே பதிந்துகொள்ள வழி சொல்வார்.

அடுத்த குழந்தையைப் பற்றிய கேள்வி வீட்டில் எப்படியும் எழும். சில வகைகளில் தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் பழுது சேர்ந்துதான் குழந்தைக்கு நோயாக வருகிறது. அப்படியானால் ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் முடித்த குடும்பங்களில் இவ்வகை கூடுதலாகக் காணப்படும். வேறு சில வகைகளில் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும், அல்லது குழந்தையிடமே புதிதாகத் தோன்றும். பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று பழி தேடுவதை நிறுத்திவிட்டு, மரபணுச் சோதனை முடிவோடு மரபியல் ஆலோசனை பெற்ற பிறகு அடுத்த கருவைப் பற்றி முடிவெடுங்கள்.

வீட்டிற்குப் புறப்படும் முன்

தாய் தன் கையாலேயே குறைந்தது இரண்டு முறை முழுக் கட்டையும் மாற்றிப் பழகிய பிறகே வீட்டிற்கு அனுப்ப வேண்டும் என்பது என் கண்டிப்பான கருத்து. முதல் முறை நான் உடன் கைகொடுப்பேன், இரண்டாம் முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். வீட்டில் குழந்தையைக் கவனிக்கப்போகும் அம்மிச்சியையும் அப்பாவையும் அந்த இரண்டாம் முறைக்கு அழைத்து வாருங்கள். அம்மிச்சி தன் கையாலேயே ஒரு கொப்புளத்தை வடித்துப் பார்த்துவிட்டால், எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே ஓரமாக எடுத்து வைத்துவிடுவார். ஒரு வாரத்திற்கான வலை, பஞ்சுத்தகடு, ஊசி, சலைன் ஆகியவை கையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். திறந்த சலைன் பாட்டிலை ஒரு நாளுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருகையின் தேதியையும், இரவில் அழைக்க வேண்டிய எண்ணையும் அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.